கை பழகாத வேதியியல்

மேனிலைப் பள்ளிகளின் வேதியியல் செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் பார்ப்போருக்கு மனநிறைவு ஏற்படுவது இயல்பு. பல பள்ளிகளில் வகுப்பு முழுவதுமே முழு மதிப்பெண்ணையோ, அதற்கு ஒன்றிரண்டு குறைவான மதிப்பெண்ணையோ பெற்றிருக்கும். ஆனால், அதே மாணவர்கள் கல்லூரியின் முதலாண்டு ஆய்வகத்தில் நுழையும்போது நிலைமை வேறாக இருக்கிறது. பிப்பெட்டின் மேல்முனையை ஆள்காட்டி விரலால் மூடாமல் கட்டை விரலால் மூடுவோர் உளர். பியூரெட்டின் வாயில் புனலை வைத்தபடியே அளவு எடுப்போர் உளர். கூம்புக் குடுவையைக் கரைசலால் அலசிவிட்டு, "நன்றாகத்தானே கழுவினேன்?" என்று கேட்போரும் உளர். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின் முழு மதிப்பெண் வாங்கிய கைகள் இவை.

இம்முரண்பாட்டிற்கு மாணவரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆசிரியரின் மேல் பழி போடுவது அதைவிட எளிது. உண்மையான காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் விடைக்கு மதிப்பெண் தருகிறோம், வேலைக்குத் தருவதில்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் மாணவன் கற்பான். இதனால் கைத்திறன் மட்டும் கெட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஒன்றும் கெடுகிறது என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரை.

கையேட்டில் ஒரு வரி

நம் பள்ளிகளில் வழக்கமாகச் செய்யப்படும் ஒரு பருமனறி பகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். பெர்ரஸ் சல்பேட் கரைசல் ஒன்று தரப்படுகிறது. அதன் குறித்த கன அளவில் எவ்வளவு உப்புக் கரைந்துள்ளது என்று காண வேண்டும். வலிமை தெரிந்த பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் திட்டக் கரைசலாகவும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் இணைப்புக் கரைசலாகவும் கொடுக்கப்படுகின்றன. முதலில் திட்டக் கரைசலைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் வலிமையை அறிகிறோம். பிறகு பெர்மாங்கனேட்டைக் கொண்டு பெர்ரஸ் சல்பேட்டின் வலிமையை அறிகிறோம். நிறங்காட்டி தனியாகத் தேவையில்லை. பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறைந்துகொண்டே வந்து, இறுதியில் ஒரு துளி இளஞ்சிவப்பாக நிலைத்து நிற்பதே முடிவு நிலை.

கையேடுகளைப் புரட்டினால் கணக்கிடும் முறை பக்கக் கணக்கில் விளக்கப்பட்டிருக்கும். பிப்பெட்டைக் கையாளும் முறையோ பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: பிப்பெட்டால் 20 மி.லி. எடுத்துக் குடுவையில் இட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்குள் எத்தனை செயல்கள் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பிப்பெட்டை முதலில் நீராலும், பின்னர் எடுக்கவிருக்கும் கரைசலாலும் அலச வேண்டும். இரப்பர்க் குமிழால் குறிக்கு மேல் வரை உறிஞ்ச வேண்டும். விரலைச் சற்றே நெகிழ்த்தி, பிறைத்தளத்தின் அடிப்பாகம் குறியைத் தொடும்வரை இறக்க வேண்டும். வெளிப்புறத்தில் ஒட்டியுள்ள துளியைத் துடைக்க வேண்டும். குடுவையில் ஒழுகவிட்டபின் நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டுவைக்க வேண்டும். நுனியில் எஞ்சும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது. பிப்பெட் அந்தத் துளியை விட்டுவிட்டே அளவிடப்பட்டுள்ளது.

இவ்வளவையும் ஒரு வரியில் அடக்கிவிட்டு, மாணவனுக்குக் கை பழகவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை. நீச்சலை ஏட்டில் கற்றுத் தருவதும் இதுவும் ஒன்றே.

ஒரு துளியின் மதிப்பு

இச்சிறு செயல்களெல்லாம் வெறும் சடங்குகள் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பள்ளிப் பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி. அதன் நுனியிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. தரம் பார்த்தலில் 20 மி.லி. செலவாகிறது என்று கொண்டால், ஒரு துளி கூடிவிட்டால் ஏற்படும் பிழை 0.25 சதவீதம். இது பொறுத்துக்கொள்ளத்தக்கது.

குடுவையைக் கரைசலால் அலசுவதன் விளைவைப் பாருங்கள். அலசியபின் அடியில் அரை மி.லி. கரைசல் தங்கிவிட்டால், 20 மி.லி.க்குப் பதில் 20.5 மி.லி. குடுவையில் இருக்கும். பிழை 2.5 சதவீதம், அதாவது பத்துத் துளிப் பிழை. இதனால்தான் பியூரெட்டையும் பிப்பெட்டையும் உரிய கரைசலால் அலச வேண்டும், குடுவையை நீரால் மட்டுமே அலச வேண்டும் என்கிறோம். குடுவையில் நீர் எவ்வளவு எஞ்சினாலும் அதில் இட்ட பெர்ரஸ் உப்பின் அளவு மாறாது. பியூரெட்டில் எஞ்சும் நீரோ பெர்மாங்கனேட்டின் வலிமையையே குறைத்துவிடும்.

அமிலத்தின் தேர்விலும் இதே நுட்பம் உண்டு. நீர்த்த கந்தக அமிலம் போதிய அளவு இல்லாவிட்டால் பழுப்பு நிற மாங்கனீசு டைஆக்சைடு தோன்றிக் கரைசல் கலங்கும். அதற்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழிக்கும். அளவு கூடுதலாக வரும். நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் அதுவே பெர்ரஸ் உப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அளவு குறைவாக வரும். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியானது. அதனால் பிறைத்தளத்தின் அடிவிளிம்பு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கண் அதே மட்டத்தில் இல்லாவிட்டால் இடமாறு தோற்றப் பிழை நேரும்.

ஒவ்வொரு கைச்செயலுக்குப் பின்னாலும் ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. ஆகவே, கைத்திறன் வேறு, பாடம் வேறு என்று பிரிப்பது தவறு. ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்கித் தரம் பார்க்கிறோம். பெர்ரஸ் உப்பைச் சூடாக்குவதில்லை. ஏன் என்று கேட்டால், முன்னதில் வினை மெல்லத் தொடங்குகிறது, பின்னதைச் சூடாக்கினால் காற்றே அதை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்று சொல்லத் தெரிந்த மாணவன், அடுப்பின் முன் நிற்கும்போது தவறு செய்ய மாட்டான்.

விடையிலிருந்து பின்னோக்கி

தேர்வு அறையில் நடப்பதென்ன? தேர்வாளரிடம் சரியான விடை இருக்கிறது. மாணவன் எழுதிய எண் அதற்கு எவ்வளவு அருகில் வந்துள்ளது என்பதைப் பொறுத்து மதிப்பெண். மாணவன் பிப்பெட்டைப் பிடித்த விதத்தையோ, முதல் அளவையும் மூன்றாம் அளவையும் அவன் உண்மையிலேயே எடுத்தானா என்பதையோ பார்க்க, ஒரே நேரத்தில் அறை நிறைய மாணவரை மேற்பார்வையிடும் தேர்வாளருக்கு நேரமில்லை.

இந்நிலையில் கெட்டிக்கார மாணவன் என்ன செய்வான்? கரைசல்களின் வலிமை ஏறத்தாழ என்ன என்பது பக்கத்து மேசையிலிருந்தோ, முந்தைய அணியிலிருந்தோ தெரிந்துவிடுகிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பியூரெட் அளவு இவ்வளவு வர வேண்டும் என்று கண்டுகொள்கிறான். தான் பெற்றது 19.6 ஆக இருக்கலாம். வர வேண்டியது 20.1 என்றால் 20.1 என்றே எழுதிவிடுகிறான். ஒத்த அளவுகள் வேண்டுமென்பதால் அதையே மறுபடியும் எழுதுகிறான். அட்டவணை அழகாக அமைந்துவிடுகிறது. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

உப்புப் பகுப்பாய்வின் கதியும் இதுவே. நீலமாக இருந்தால் தாமிரம். சூடாக்கும்போது படபடவென வெடித்தால் காரீய நைட்ரேட்டு. இப்படிப் பார்த்த மாத்திரத்தில் உப்பைக் கண்டுபிடிக்கும் குறுக்குவழிகள் ஆண்டுதோறும் மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்கின்றன. உப்பு இன்னதென்று தெரிந்தபின், செய்யாத சோதனைகளுக்கும் முடிவு எழுதுவது எளிது. நைட்ரேட்டிற்கான பழுப்பு வளையச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாகத் துளித்துளியாக இறக்கினால்தான் இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் வளையம் தோன்றும். குழாய் சற்றுக் குலுங்கினாலும் வளையம் மறைந்துவிடும். வளையத்தை ஒருமுறைகூடக் காணாமலே "பழுப்பு வளையம் தோன்றியது" என்று எழுதி மதிப்பெண் பெறுவது இயலும். கண்டவனுக்கும் காணாதவனுக்கும் விடைத்தாளில் வேறுபாடில்லை.

இங்குதான் நாம் கவலைகொள்ள வேண்டும். ஒரு மாணவன் தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தானே அளந்து, தானே எழுதும் எண் இதுதான். அந்த முதல் எண்ணையே திருத்தி எழுத நம் தேர்வு அவனுக்குப் பயிற்சி தருகிறது. உண்மையாக 19.6 என்று எழுதியவனுக்கு மதிப்பெண் குறைகிறது, பொய்யாக 20.1 என்று எழுதியவனுக்குக் கூடுகிறது. கண்டதைக் கண்டபடி எழுதுவது என்பதே அறிவியலின் அடிப்படை ஒழுக்கம். அறிவியலைக் கற்பிக்கும் அறையிலேயே அதற்குத் தண்டனை கிடைக்கிறது.

இம்முறைகள் பிறந்த கதை

நாம் தேர்வுச் சடங்காக்கிவிட்ட இம்முறைகள் எதற்காகத் தோன்றின என்பதை நினைவுகூர்வது நல்லது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் துணிகளைக் குளோரின் நீரால் வெளுக்கத் தொடங்கினர். நீரின் வலிமை குறைந்தால் துணி வெளுக்காது. மிகுந்தால் துணியே நைந்துபோகும். டெக்ராசில் என்னும் வேதியியலார், அவுரிக் கரைசலின் நிறம் எவ்வளவு மறைகிறது என்பதைக் கொண்டு அந்த நீரின் வலிமையை அளக்கும் கருவியை அமைத்தார். தரம் பார்த்தலின் தொடக்க முயற்சிகளுள் இது ஒன்று. அளந்த எண் தவறானால் சாவிக் கரைசலோடு ஒப்பிட்டு மதிப்பெண் குறைக்க அங்கே தேர்வாளர் இல்லை, துணிதான் பாழாயிற்று.

உப்புப் பகுப்பாய்வும் அவ்வாறே. 1841 இல் ஜெர்மானியரான பிரெசினியஸ், தம் 22 ஆம் வயதில், பண்பறி பகுப்பாய்வு நூலை வெளியிட்டார். உலோகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தறியும் முறை பரவ அந்நூல் பெரிதும் துணைபுரிந்தது. இன்னதென்று எவருக்கும் தெரியாத கனிமத்தையும் ஊற்று நீரையும் ஆராய்வோருக்கு வழிகாட்டுவதே அத்தகைய நூல்களின் பயன். நாமோ தேர்வாளருக்கு மட்டுமன்றி, மாணவருக்கும் முன்கூட்டியே தெரிந்த பத்துப் பதினைந்து உப்புகளுக்கு அதே அட்டவணையைப் பயன்படுத்துகிறோம்.

கைத்திறனுக்கென்றே எழுதப்பட்ட ஒரு நூலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மைக்கேல் பாரடே 1827 இல் வேதியியல் கையாளுகை பற்றி 600 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை வெளியிட்டார். எடை போடுவது, வடிகட்டுவது, கண்ணாடிக் குழாயை வளைப்பது, கருவிகளைத் தூய்மையாக வைப்பது ஆகியவையே அதன் பொருள். பாரடே பல்கலைக்கழகத்தில் பயிலாதவர்; புத்தகக் கட்டுத் தொழில் பழகி, 1813 இல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவர். கையால் கற்றதை ஏட்டில் எழுதிவைக்கத் தகுந்த அறிவாகவே அவர் கருதினார். நாம் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

பிறர் செய்து பார்த்தவை

இந்நோய்க்கு மருந்து தேடியோர் இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது; 1978 இல் மாவட்டம் முழுவதும் பரவியது. மாணவர் சோதனை செய்து, கண்டதை எழுதி, அதிலிருந்தே பாடத்தைக் கற்றனர். எழுத்துத் தேர்வில் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்வதற்கே இடமில்லாமல் தேர்வை மாற்றினர் என்பதே இதிலுள்ள பாடம். 2002 இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது.

இங்கிலாந்தில் வேறொரு வழியை மேற்கொண்டனர். 2015 இல் தொடங்கிய மேனிலைப் பாடத்திட்டத்தில் செய்முறைக்கான மதிப்பெண்ணை மொத்தத் தரத்திலிருந்தே பிரித்துவிட்டனர். மாணவன் இரண்டாண்டுகளில் குறைந்தது 12 செய்முறைகளைச் செய்ய வேண்டும். ஆசிரியர் கவனித்து, திறன் பெற்றானா இல்லையா என்று மட்டும் சான்றளிப்பார். செய்முறை அறிவைப் பற்றிய வினாக்கள் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீதம் இடம்பெறும். எண்ணுக்கு மதிப்பெண் இல்லாதபோது எண்ணைத் திருத்தும் ஆசையும் இல்லை. ஆனால், மதிப்பெண் இல்லாத வேலை அலட்சியத்திற்குள்ளாகும் ஆபத்தும் இதில் உண்டு.

அதே நாட்டில் ஆப்ரகாம்ஸ், மில்லர் ஆகிய இருவர் 25 செய்முறை வகுப்புகளைக் கவனித்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு இன்னோர் எச்சரிக்கை தருகிறது. கருவிகளைக் கொண்டு செய்யச் சொன்னதை மாணவர் பெரும்பாலும் செய்துவிட்டனர். அச்செயலின் பின்னுள்ள கருத்துகளைப் பயன்படுத்திச் சிந்திப்பதில்தான் பின்தங்கினர். ஆகவே, கை மட்டும் பழகினாலும் போதாது. கை செய்வதன் காரணத்தை மனம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நம் பள்ளிகளில் மாணவர் மிகுதி, மேசைகள் குறைவு, வேதிப்பொருள்களுக்குப் பணமில்லை என்ற மறுப்பு உடனே எழும். இம்மறுப்பு நியாயமானதே. ஆயினும், செலவில்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, தேர்வு நாளில் ஒரே நேரத்தில் எல்லாரையும் பார்க்க இயலாது. ஆனால் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு இருவர் மூவராகப் பார்க்க இயலும். இன்று தமிழ்நாட்டு மேனிலை வேதியியலில் 100 மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கும், எஞ்சிய 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டிற்கும் உரியவை. அவற்றுள் ஒரு பகுதியை ஐந்து கைச்செயல்களுக்கு ஒதுக்கலாம்: இரப்பர்க் குமிழால் பிப்பெட்டை நிரப்பி ஒழுகவிடுதல், பியூரெட்டை அலசி, நுனியிலுள்ள காற்றுக் குமிழை நீக்கி, புனலை எடுத்துவிட்டு அளவு படித்தல், ஒரு கையால் திருகை இயக்கி, மறு கையால் குடுவையைச் சுழற்றுதல், சோதனைக் குழாயின் வாயை எவர் பக்கமும் காட்டாமல் சூடாக்குதல், வடிதாளை மடித்து வீழ்படிவை வடித்துக் கழுவுதல். ஒவ்வொன்றையும் கவனிக்க இரண்டு நிமிடம் போதும். தவறினால் மறுமுறை செய்து காட்ட வாய்ப்பளிக்க வேண்டும்.

இப்பட்டியலின் முதல் செயல் உயிருக்கும் தொடர்புடையது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு; பேரியம் குளோரைடும் காரீய உப்புகளும் நஞ்சு. விலை மலிவான ஓர் இரப்பர்க் குமிழ் இல்லாததால் இத்தவறு தொடர்வது மன்னிக்கத்தக்கதன்று.

இரண்டாவது, எடுத்த அளவை அந்த நொடியே மையால் எழுதப் பழக்க வேண்டும். தவறிய அளவை அழிக்காமல், ஒரு கோடிட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். "முடிவு நிலையைக் கடந்துவிட்டேன், இரண்டு துளி மிகுதி" என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இதனால் தேர்வாளரின் வேலை சற்றுக் கூடும். ஆனால், அழித்தல் திருத்தல் இல்லாத அட்டவணையைவிடக் கோடிட்ட அட்டவணையே நம்பத்தக்கது என்ற எண்ணம் மாணவரிடம் வேரூன்றும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு சோதனையேனும் ஆசிரியருக்கும் விடை தெரியாததாக இருக்கட்டும். கடையில் விற்கும் வினிகரை 10 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கி, அதில் 20 மி.லி.யைப் பினாப்தலீன் நிறங்காட்டியுடன் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கலாம். வினிகரில் 100 மி.லி.க்கு 4 கிராம் அசெட்டிக் அமிலம் இருந்தால் ஏறத்தாழ 13.3 மி.லி. செலவாகும். குப்பியில் அச்சிட்ட அளவு மெய்தானா என்பதை மாணவனே கண்டு சொல்வான். எலுமிச்சைச் சாறு, ஊர்க் கிணற்று நீரின் கடினத்தன்மை, பாலின் புளிப்பு ஆகியவற்றையும் இவ்வாறே ஆராயலாம். இங்கே பின்னோக்கிக் கணக்கிட விடையே இல்லை. பக்கத்து மேசையைப் பார்த்தும் பயனில்லை. மூன்று முறை செய்து ஒத்து வந்தால்தான் தன் எண்ணைத் தானே நம்ப முடியும். பத்து மாணவர் பத்து எண்களைக் கொண்டுவந்தால், எவருடையது சரி, ஏன் வேறுபட்டது என்ற விவாதம் தானாகவே எழும். செய்முறை வகுப்பில் நிகழ வேண்டிய சிறந்த பாடம் அதுவே.

இவற்றால் மதிப்பெண் பட்டியல் தொடக்கத்தில் சற்று மங்கலாகத் தோன்றலாம். முழு மதிப்பெண் பெறுவோர் தொகை குறையலாம், பெற்றோர் வருந்தலாம். ஆனால், சாயப் பட்டறையின் நீரையும், மருந்துத் தொழிற்சாலையின் மூலப்பொருளையும், குடிநீர்த் தொட்டியின் குளோரினையும் நாளை அளக்கப் போகிறவர் இன்று நம் பள்ளி மேசைகளின் முன் நிற்பவர்களே. அந்த நீரைக் குடிப்பவரும் அம்மருந்தை உண்பவரும் நாம்தான். அளந்தவர் எழுதும் எண், கண்டதா, வர வேண்டியதென்று எண்ணியதா என்பதில் நமக்கு அக்கறை வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் எழுதிய 20.1 அதற்கும் உதவாது.